போர் தின்ற வீட்டிலிருந்து கம்பஸுக்கு: வன்னிக் குடும்பங்களுக்கான செலவு வழிகாட்டி

போரில் உழைப்பாளியை இழந்த குடும்பம், முன்னாள் போராளியின் குடும்பம், காணாமல் போனவரைத் தேடிக்கொண்டிருக்கும் குடும்பம் என்று வன்னியில் யாரைக் கேட்டாலும் ஒரு கேள்வி வரும்: "எங்களைப் போன்ற ஆக்களுக்கென்று கம்பஸ் செலவுக்கு ஏதாவது தனியாகத் தருவார்களா?" தனியாக ஒரு கதவு இல்லை. ஆனால் எல்லோருக்கும் பொதுவான கதவுகள் சில இருக்கின்றன. அவற்றுக்குள் போக எங்கள் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த தகுதி எதுவும் இல்லை. பிள்ளைகள் தடுக்கி விழுவது இரண்டு இடங்களில்: ஒன்று கடதாசி, மற்றது பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் சில மாதம். இந்த வழிகாட்டியில் அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில், யாருக்கு எது பொருந்தும்

கைத்தொலைபேசியில் தேடினால் படைச் சேவையாளர்களின் பிள்ளைகளுக்கான கல்வி உதவி என்று நிறைய வரும். அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குரியது. அங்கே 1944 இல் தொடங்கிய ஜி.ஐ. பில் என்ற சட்டத்தின் வழியில், இராணுவத்தில் சேவை செய்தவருக்கு அரசு படிப்புச் செலவைக் கொடுக்கிறது. இப்போதுள்ள திட்டத்தில் பொதுவாக 36 மாதம் வரை உதவி உண்டு. குறைந்தது 6 வருடம் சேவை செய்து, மேலும் 4 வருடம் செய்ய ஒப்புக்கொண்டவர் அந்த உரிமையைத் தன் மனைவிக்கோ கணவனுக்கோ பிள்ளைக்கோ மாற்றிக் கொடுக்கலாம். மருமகனுக்கோ பெறாமகளுக்கோ மாற்ற முடியாது. அமெரிக்கப் படையில் இருக்கும் மாமா "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால், அவர் தன் சம்பளத்திலிருந்துதான் தர வேண்டும். அதை அவரோடு வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள்.

இலங்கையில் அரச படையினரின் குடும்பங்களுக்கு 1999 இல் சட்டமாக்கப்பட்ட ரணவிரு சேவா அதிகாரசபை இருக்கிறது. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் பயிலிளவல் அதிகாரியாகச் சேர்பவருக்குப் படிப்பு இலவசம், கொடுப்பனவும் உண்டு. ஆனால் படித்து முடித்தபின் படையில் சேவை செய்தாக வேண்டும். அங்கேயே சாதாரண மாணவராகச் சேர்ந்தால் கட்டணம் கட்ட வேண்டும். இது வேண்டுமா வேண்டாமா என்பதை ஒவ்வொரு வீடும் தானாகத் தீர்மானிக்கட்டும்.

வன்னியில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் வேலை செய்யும் தாய்மாரும் தகப்பன்மாரும். மாதச் சம்பளம் என்றபடியால் அவர்களின் வருமானத்துக்குச் சம்பளப் பட்டியல்தான் சாட்சி. "பிள்ளை கூலிவேலை செய்யும் வீட்டுப் பிள்ளை" என்று எழுதி வாங்கப் போகாதீர்கள். பொய் என்று பிடிபட்டால் கிடைத்த உதவியும் நின்றுபோகும்.

கடதாசி: உயர்தரம் எழுதும் முன்பே தொடங்குங்கள்

2009 இல் கைக்குழந்தையாக இருந்த பிள்ளைகள்தான் இப்போது உயர்தரம் எழுதிப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள். மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். மெனிக் பாம் முகாமில் பிறந்தவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் பலரின் பிறப்பு காலம் கடந்துதான் பதியப்பட்டது. அப்படிப் பதியும்போது பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கும், தகப்பனின் முதலெழுத்து விடுபட்டிருக்கும், தாயின் பெயர் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் பிள்ளையின் பத்திரத்தில் இன்னொரு விதமாகவும் இருக்கும். வீட்டில் இருக்கும்வரை இது யாருக்கும் தெரியாது. பல்கலைக்கழகப் பதிவு நாளில், வங்கிக் கணக்குத் திறக்கும் நாளில்தான் தலையிடி வரும்.

அதனால் உயர்தரத்தின் முதல் வருடத்திலேயே ஒரு பின்னேரம் எல்லாக் கடதாசியையும் பாயில் விரித்து வைத்து, பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், பிறந்த திகதி மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். பிறப்புப் பத்திரம், பிள்ளையின் அடையாள அட்டை, தாயின் அடையாள அட்டை, திருமணப் பத்திரம், சாதாரணதரப் பெறுபேற்றுச் சான்றிதழ், இருந்தால் தகப்பனின் இறப்புப் பத்திரம். வித்தியாசம் சின்னதாக இருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கிறது என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி எடுத்து வைத்துக்கொள்ளலாம். பிறப்புப் பத்திரத்திலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போய்த் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். அது மாதக்கணக்கில் இழுபடும். பெறுபேறு வந்தபின் தொடங்கினால் நேரம் போதாது.

பதிவே இல்லாத பிள்ளைக்கு அனுமான வயதுச் சான்றிதழ் எடுக்கும் வழி இருக்கிறது. அதையும் பதிவாளரிடமே கேளுங்கள்.

மூலப் பத்திரங்களை லமினேற் பண்ண வேண்டாம். மழைக்குப் பயந்து எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் லமினேற் பண்ணி வைத்திருக்கிறார்கள், இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் வந்த பழக்கம் அது. ஆனால் அதன் மேல் முத்திரை குத்த முடியாது, பின்பக்கத்தில் குறிப்பு எழுத முடியாது. தடித்த பிளாஸ்ரிக் உறைக்குள் வையுங்கள். ஒவ்வொன்றிலும் சில போட்டோகொப்பி, கைத்தொலைபேசியில் ஒரு தெளிவான படம், அந்தப் படங்களைப் பிள்ளையின் மின்னஞ்சலுக்கு அனுப்பி ஒரு பிரதி. இவ்வளவும் செய்தால் போதும்.

தகப்பன் காணாமல் போன வீடு

எனக்கு மனம் கனக்கும் இடம் இதுதான். வருமானப் படிவத்தில் "தந்தையின் பெயர், தொழில், வருமானம்" என்று ஒரு வரி வரும். பிள்ளை பேனையைப் பிடித்தபடி தாயைப் பார்க்கும். "காலஞ்சென்றவர்" என்று எழுதத் தாய்க்கு மனம் வராது. கடைசியில் அந்த இடம் வெறுமையாகப் போகும், அல்லது ஒரு கோடு கீறிவிடுவார்கள். படிவத்தைப் பார்க்கும் அலுவலருக்கு அந்தக் கோடு எதையும் சொல்லாது. தகப்பன் இருக்கிறார், வருமானத்தை மறைக்கிறார்கள் என்றுகூட அவர் நினைக்கலாம்.

வெறுமையாக விடாதீர்கள். இறந்தவர் என்று எழுத வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. இப்படி எழுதலாம்: "தந்தை 2009 ஏப்ரல் முதல் காணாமல் போயுள்ளார். இது தொடர்பான முறைப்பாடு உண்டு. குடும்ப வருமானம் தாயின் தையல் வேலையிலிருந்து மாத்திரம்." கீழே முறைப்பாட்டு இலக்கத்தையும் போட்டு, ஒரு பிரதியை இணையுங்கள்.

சட்டப்படி இரண்டு பத்திரம் இருக்கிறது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஒரு வருடத்துக்கு மேல் காணாமல் போயிருப்பவருக்கு இறப்புப் பத்திரம் எடுக்கலாம். பல குடும்பங்கள் அதை மறுத்தபடியால் 2016 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, காணாமல் போனமைக்கான சான்றிதழ் கொண்டுவரப்பட்டது. இதில் ஆள் இறந்துவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை, தேடுதலும் விசாரணையும் நிற்காது. ஆனால் அரச உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும், அவருடைய சொத்து விடயங்களைப் பார்க்கவும் அதைக் காட்டலாம். இரண்டு வருடம் செல்லுபடியாகும், பிறகு நீடிக்கலாம். காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் பதிந்தவர்கள் அதன் வழியாக இதைப் பெறலாம்.

இந்த அலுவலகத்தோடு எந்தத் தொடர்பும் வேண்டாம் என்று உறுதியாக நிற்கும் தாய்மார் பலர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் அந்த உறுதியின் அடையாளம். நட்டஈடு வாங்குவது பிள்ளையை விற்பது போலாகும் என்று சொல்லும் தாயிடம் நான் வாதாடமாட்டேன். அவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: கல்வி உதவிக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும், பொலிஸ் முறைப்பாடோ செஞ்சிலுவைச் சங்கப் பதிவோ வேறு பழைய கடிதமோ இருந்தால் அதன் பிரதியும் வைத்துப் பிரதேச செயலரிடம் நேரே போய் நிலைமையைச் சொல்லுங்கள். பிள்ளையின் படிப்பு உதவியும் தகப்பனுக்கான நீதியும் ஒன்றையொன்று விலைபேசும் காரியங்கள் இல்லை.

பாடநெறியைத் தெரிவுசெய்யும்போது காசைப் பற்றிப் பயப்பட வேண்டாம்

அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை. பேராதனையில் படித்தாலும் மொரட்டுவையில் படித்தாலும் வவுனியாவில் படித்தாலும் அதேதான். செலவெல்லாம் இருக்க, சாப்பிட, போக்குவரத்துச் செய்யத்தான். அதனால் விண்ணப்பத்தில் பாடநெறிகளை ஒழுங்குபடுத்தும்போது "தூரம், செலவு கூட" என்று நல்ல பாடத்தைக் கீழே தள்ளாதீர்கள். மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ புள்ளி இருக்கிற பிள்ளை பஸ் காசுக்குப் பயந்து வேறொன்றை மேலே போட்டால், அந்த முடிவு நாற்பது வருடத் தொழிலைத் தீர்மானிக்கிறது.

ஒரே பாடநெறி இரண்டு மூன்று இடத்தில் இருந்தால் மட்டும் கிட்டவுள்ளதை மேலே போடுங்கள். இப்போது வன்னிக்குள்ளேயே வசதி இருக்கிறது. பம்பைமடுவில் இருக்கும் வளாகம் 2021 ஓகஸ்ட் முதல் தனி வவுனியாப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என்று மூன்று பீடங்கள் அங்கே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில். விசுவமடு, தர்மபுரம், பரந்தன் பக்கத்துப் பிள்ளைக்கு அறிவியல் நகர் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம். பருவச்சீட்டுக்கு டிப்போவில் விசாரியுங்கள்.

மகாபொலவும் பர்சரியும்

மகாபொல என்பது பல்கலைக்கழக மாணவருக்கான மாதாந்தப் புலமைப்பரிசில். 1981 இல் சட்டமாக்கப்பட்ட நம்பிக்கை நிதியத்திலிருந்து வருவது. அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி தொடங்கியது. பெறுபேற்றையும் குடும்ப வருமானத்தையும் பார்த்துக் கொடுக்கிறார்கள். பெரும்பகுதி வருமானம் குறைந்தவர்களுக்குத்தான். நீண்டகாலம் மாதம் 5,000 ரூபாவாக இருந்தது, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆக்கினார்கள். பல்கலைக்கழகம் வழியாகக் கொடுக்கும் மாத உதவிப்பணமான பர்சரி அதே வரவுசெலவுத் திட்டத்தில் 4,000 இலிருந்து 6,500 ஆனது. நீங்கள் விண்ணப்பிக்கும் வருடத்தில் தொகை எவ்வளவு என்பதை அந்த வருட அறிவித்தலில் பாருங்கள், இது மாறிக்கொண்டிருப்பது.

மகாபொல கிடைப்பவருக்குப் பர்சரி கிடையாது. முதலில் மகாபொலவுக்கு விண்ணப்பியுங்கள். பட்டியலில் பெயர் வராவிட்டால் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலச் சேவைக் கிளைக்குப் போய்ப் பர்சரிக்குப் போடுங்கள். "மகாபொல கிடைக்கவில்லை" என்று மனமுடைந்து பர்சரிக்குப் போடாமலே விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படி விடாதீர்கள்.

வருமானச் சான்று எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. வயல்காரரின் வருமானம் மாதச் சம்பளம் போலில்லை. காலபோகம் நன்றாக விளைந்த வருடத்தையும் வெள்ளத்தில் அழிந்த வருடத்தையும் ஒரே கணக்கில் எழுத முடியாது. கிராம அலுவலரிடம் போகும் முன்பு எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, சிறுபோகத்துக்குத் தண்ணி கிடைத்ததா, உரம், உழவு, வெட்டுக்கூலி எவ்வளவு போனது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மீன்பிடிக் குடும்பம் என்றால் சங்கக் கடிதம் ஒன்று. பள்ளிக்கூடம் போகும் தம்பி தங்கச்சி இருந்தால் அதிபரிடம் கடிதம், ஏற்கனவே கம்பஸில் படிக்கும் அக்கா இருந்தால் அவரின் பதிவுச் சான்று. வீட்டில் எத்தனை பிள்ளை படிக்கிறார்கள் என்பதும் பார்க்கப்படும். வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் காசு வந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விடயத்தை மறைக்க முடியாது.

பிரதேச செயலரின் மேலொப்பம் இல்லாத சான்று செல்லாது. கிராம அலுவலர் கந்தோரில் இருக்கும் நாட்களை முன்பே கேட்டு அறிந்துகொண்டு, முடிவுத் திகதிக்கு இரண்டு கிழமை முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

முதல் நாலு மாதம்

எல்லாம் சரியாகச் செய்தாலும் பல்கலைக்கழகம் தொடங்கிய மாதமே மகாபொல கையில் வராது. பட்டியல் வரவேண்டும், கணக்கு இலக்கம் போகவேண்டும், சரிபார்ப்பு நடக்கவேண்டும். மாதங்கள் கடந்து, நிலுவையோடு சேர்த்து வரும். அந்த இடைவெளியில்தான் பிள்ளை ஒருவேளைச் சாப்பாட்டை விடுகிறது, கொப்பிக்குக் காசில்லாமல் விரிவுரைக்குப் போகாமல் விடுகிறது, சில பிள்ளை மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

எனவே குடும்பமாக ஒரு கணக்கு வையுங்கள்: மகாபொல ஒரு சதமும் வராது என்று எண்ணி, முதல் நாலு மாதத்துக்கு எவ்வளவு வேண்டும்? பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் முதலாம் வருட மாணவருக்கு விடுதியில் முன்னுரிமை கொடுக்கின்றன. விடுதிக் கட்டணம் வெளிப் போர்டிங்கோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. விடுதி விண்ணப்பத்தைப் பதிவு நாளிலேயே கொடுங்கள், வீட்டின் தூரத்தையும் தகப்பன் இல்லாத நிலையையும் அதில் எழுதுங்கள். பிறகு சாப்பாடு, மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்துபோகும் பஸ் காசு, டேட்டா, போட்டோகொப்பி. மடிகணினி முதல் மாதமே தேவைப்படுவது சில பாடநெறிகளுக்குத்தான். மூத்த மாணவர்களைக் கேட்டபின் வாங்குங்கள்.

அந்த நாலு மாதக் காசை எங்கே தேடுவது? பெறுபேறு வருவதற்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையில் நிறைய மாதம் போகும். அதற்குள் ஒரு காலபோக அறுவடை வந்தால், நெல்லு விற்ற காசில் ஒரு பங்கைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் போட்டு வையுங்கள். வீட்டில் வைத்தால் நிற்காது. பிள்ளையும் அந்த மாதங்களில் சின்ன வகுப்புகளுக்கு ரியூசன் கொடுக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களிடமும் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்திடமும் கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஆனால் "மாதாமாதம் அனுப்புங்கோ" என்று கேட்காமல், "முதல் நாலு மாதத்துக்கு இவ்வளவு, ஒருமுறை" என்று எழுதிக் கேளுங்கள். மாத உதவி தருவதாகச் சொல்லும் நல்ல மனிதருக்கும் அங்கே வேலை போகும், வருத்தம் வரும், மூன்றாம் மாதம் நின்றுவிடும். ஒருமுறைத் தொகை என்றால் கொடுப்பவருக்கும் இலகு, பிள்ளைக்கும் நிச்சயம்.

பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால்

வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரி ஆசிரியர் தொழிலுக்கு வழி. தாதியர் பயிற்சியில் படிக்கும்போதே கொடுப்பனவு உண்டு. அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம், மின்சாரம் போன்றவற்றைத் தேசிய தொழிற் தகைமையோடு படிக்கலாம். அந்தத் தகைமையில் ஏறிக்கொண்டு போனால் இரத்மலானையில் இருக்கும் தொழில்சார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வரை போகலாம்.

உயர்தரத்தில் மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியடைந்து, அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்குக் கல்வி அமைச்சின் வட்டியில்லா மாணவர் கடன் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனங்களின் குறிப்பிட்ட பட்டங்களுக்கு மட்டும். வட்டியில்லை என்றாலும் கடன் கடன்தான், பட்டம் முடிந்தபின் தவணை கட்ட வேண்டும். கடன் தொகைக்கு மேல் வரும் கட்டணத்தையும் கொழும்பில் இருக்கும் செலவையும் யார் தருவது என்று தெரியாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

முன்னாள் போராளி தானே படிக்க விரும்பினால்

2009 இல் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் படிப்பை இடையில் விட்டவர்கள். இப்போது முப்பத்தைந்து, நாற்பது, ஐம்பது வயது. உயர்தரம் இல்லாமலும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் அடிப்படைக் கற்கையிலிருந்து தொடங்கலாம். கட்டணம் உண்டு, ஆனால் வேலை செய்துகொண்டே படிக்கலாம்.

கையில் தொழில் இருப்பவருக்கு இன்னும் குறுகிய வழி இருக்கிறது. மேசன், தச்சு, வயரிங், வெல்டிங் என்று வருடக்கணக்காகச் செய்தவர், வகுப்புக்குப் போகாமலே தன் அனுபவத்தை மதிப்பிடச் செய்து தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறலாம். செய்த வேலைகளின் படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு மாவட்டத்தில் உள்ள தொழிற்பயிற்சி அதிகாரசபைக் கந்தோருக்குப் போங்கள். மாற்றுத்திறனாளியாக இருப்பவர்கள் இதை முக்கியமாகப் பாருங்கள். பாரம் தூக்க முடியாத ஒரு மேசனுக்கு, மேற்பார்வையாளராகப் போக அந்தச் சான்றிதழ் உதவும்.

வாங்கக்கூடாத கடன்

கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலுக்கு வந்து அறவிடும் நுண்நிதிக் கடனை பிள்ளையின் படிப்புக்காக எடுக்காதீர்கள். அது உடனே வருமானம் வரும் தொழிலுக்கே கட்டுப்படியாகாமல் வன்னிப் பெண்களை என்ன பாடுபடுத்தியது என்று எங்களுக்குத் தெரியும். 2018 இல் அரசாங்கமே தலையிட்டுச் சில கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. படிப்பு வருமானம் தர நாலைந்து வருடம் எடுக்கும். கிழமைத் தவணை அதுவரை காத்திருக்காது.

தவிர்க்க முடியாவிட்டால் நகையை அரச வங்கியில் ஈடு வையுங்கள். வட்டி எவ்வளவு, எந்தத் திகதிக்குள் மீட்க வேண்டும் என்பதைக் கலண்டரில் எழுதி வையுங்கள். மகாபொல நிலுவை சேர்ந்து வரும் மாதத்தில் முதலில் அந்த ஈட்டை மீட்டுவிடுங்கள்.

முதல் வருடத்துக்குப் பிறகு

பரீட்சையில் வருடம் தவறினால் மகாபொல நின்றுபோகலாம். வருத்தத்தால் பரீட்சைக்குப் போக முடியாவிட்டால் மருத்துவச் சான்றிதழை உடனே பீடத்துக்குக் கொடுங்கள், தாமதித்தால் ஏற்கமாட்டார்கள். இரண்டாம், மூன்றாம் வருடத்தில் விடுதி கிடைக்காமல் போவது வழக்கம். அப்போது வெளியே போர்டிங் எடுக்க முற்பணம் வேண்டும், முதலாம் வருட முடிவிலேயே அதற்குச் சேர்த்து வையுங்கள். வீட்டு நிலைமை இடையில் மாறினால், தாய் வேலையை இழந்தால், வயல் வெள்ளத்தில் போனால், புதிய வருமானச் சான்றோடு நலச் சேவைக் கிளைக்குத் திரும்பவும் போங்கள். முதல் தடவை பர்சரி மறுக்கப்பட்டிருந்தாலும் போங்கள். பிள்ளைக்குப் போகக் கூச்சமாக இருந்தால் மாணவ ஆலோசகராக இருக்கும் விரிவுரையாளரிடம் சொல்லச் சொல்லுங்கள். எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.